ஒரு வழங்கியில் ஆறு சொல்லடைவுகள்

போர்ட் பிளேரில் மழைக்காலத்து மின்வெட்டு ஒரு செய்தியன்று. பெரும்பாலும் டீசல் மின்னாக்கிகளை நம்பி வாழும் ஊரில் விளக்கு அணைவதும் எரிவதும் அலை வந்து போவதைப் போன்றது. ஆனால் ஊருக்குள் ஒரு மாடியறையில், விளக்கு அணைந்த மறுகணமே ஒருத்தி நாற்காலியை விட்டு எழுந்து ஓடுவாள். மேசைக்கடியில் ஒரு பழைய கணினி இருக்கிறது. யுபிஎஸ் பெட்டி கூவத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் அதை முறையாக நிறுத்தியாக வேண்டும். தவறினால், எழுதப்பட்டுக்கொண்டிருந்த சொல்லடைவின் பூட்டுக்கோப்பு அப்படியே எஞ்சி நிற்கும். மறுநாள் அது திறக்க மறுக்கும். அந்த ஒற்றைக் கணினிக்குள் ஆறு சொல்லடைவுகள் வாழ்கின்றன. தமிழ், வங்காளம், இந்தி, நிக்கோபாரி, அந்தமானி ஆகியவை ஐந்து. ஆறாவதற்கு மொழிப்பெயர் இல்லை.

அவள் மொழியியல் படித்தவள். கணினியியல் படித்தவள் அல்லள். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வாய்மொழி வழக்குகளைத் திரட்டும் ஆய்வில் இருந்தாள். 2018 இல் வேலை தொடங்கியபோது தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையிலான இணையத்தொடர்பு செயற்கைக்கோள் வழியாகவே இருந்தது. ஒலிப்பதிவு ஒன்றைச் சென்னையிலோ தில்லியிலோ உள்ள வழங்கிக்கு ஏற்றுவதென்றால் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும். விடியற்காலையில் பாதியில் அறுந்துபோயிருக்கும். எனவே தரவை ஊரிலேயே வைத்து ஊரிலேயே தேடுவது என்று முடிவாயிற்று. நிதி இல்லை. பிற துறையொன்று ஒதுக்கிவைத்த கணினி கிடைத்தது. அதில் 8 ஜிபி நினைவகம். அதுதான் வழங்கி.

தமிழாய்வாளர்களுக்குச் சொல்லடைவு புதிதன்று. 1594 இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களைப் பொருள் வகையால் அடுக்கிய நிகண்டு மரபில் முதலெழுத்து வரிசையைப் புகுத்தியது. 1966 இல் சென்னைப் பல்கலைக்கழகம் ந. சுப்பிரமணியனின் பல்லவர் காலத்துக்கு முந்தைய தமிழ்ச் சொல்லடைவை வெளியிட்டது. அதையடுத்துப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தது. இன்றைய தேடுபொறிகளின் உள்ளே இருப்பதும் அதே அமைப்புதான்: சொல் ஒருபுறம், அது வரும் இடங்கள் மறுபுறம். ஆனால் அந்த நூல்கள் யாவும் ஒரே மொழிக்கானவை. ஒரே அட்டைக்குள் ஐந்து மொழிகளின் சொல்லடைவைக் கட்டினால் என்ன நேரும் என்ற கேள்வி அவற்றைத் தொகுத்தவர்களுக்கு எழவேயில்லை.

அவளுக்கு எழுந்தது. முதலில் அவள் அப்படித்தான் கட்டினாள்.

திரட்டியவை வகைவகையானவை. இலங்கையின் தோட்டப் பகுதிகளிலிருந்து 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட தமிழர்களின் ஒலிப்பதிவுகள். அவற்றில் ஒன்று அவளுடைய அம்மாயியின் குரல். பிரிவினைக்குப் பின் நிலம் பெற்றுக் குடியேறிய வங்காளிகளின் நினைவுகள். ஊரில் எல்லோருக்கும் பொதுவான அந்தமான் இந்தி. நான்கௌரிக் கூட்டத் தீவுகளின் நிக்கோபாரிக் கதைகளும் பழைய அகராதிகளும். கடைசியாக, பேசுநர் அற்றுப்போன அந்தமானி மொழிகளின் அச்சிட்ட சொற்பட்டியல்கள். எல்லாவற்றையும் ஒரே அடைவில் கொட்டினாள். எளிது என்பதே காரணம். ஒரு பெட்டி, ஒரு தேடல், ஒரு விடைப்பட்டியல்.

முதல் நாளே தமிழ் உடைந்தது. சொற்களைப் பிரிக்க அவள் பயன்படுத்திய சிறு நிரல், எழுத்து எது, எழுத்தல்லாதது எது என்பதை ஐரோப்பிய எழுத்துமுறைகளின் கண்ணால் பார்த்தது. அதன் கணக்கில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, சொல்லின் எல்லைகள். எனவே ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரண்டு துண்டாயிற்று. சாலையில் போகும் எவரும் படிக்கக்கூடிய சொல்லை இயந்திரம் இரண்டாக வெட்டிவைத்து, கேட்டபோது இல்லை என்றது. ஒருங்குறியின் சொல்லெல்லை விதிகளை அறிந்த பிரிப்பியை மாற்றிவைத்ததும் அது சரியாயிற்று. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம் என்ற சிக்கல் அடுத்து வந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கிய பின் அதுவும் தீர்ந்தது.

தீராதது வேறு. விடைகளை வரிசைப்படுத்தும் பி.எம்.25 என்ற கணக்குமுறை, ஒரு சொல் தொகுப்பில் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று பார்த்து அதன் அருமையை மதிப்பிடும். ஆவணம் சராசரியை விட நீளமானால் மதிப்பைக் குறைக்கும். தனித்தனியே பார்த்தால் நியாயமான விதிகள். ஆனால் பெரிய தமிழ்த் தொகுப்போடு சிறிய நிக்கோபாரித் தொகுப்பைக் கலந்தால், நிக்கோபாரியின் மிகச் சாதாரணமான இடைச்சொற்கள்கூட மொத்தத்தில் அருஞ்சொற்களாகிவிடும். இரண்டு வரி அகராதிப் பதிவு எப்போதும் மேலே மிதக்கும். அரைமணி நேரம் பேசிய கிழவியின் கதை எப்போதும் அடியில் கிடக்கும். ஒன்றின் அளவுகோலால் மற்றொன்று அளக்கப்பட்டது. எந்த விடையும் பொய்யில்லை; எந்த வரிசையும் மெய்யில்லை.

இதையெல்லாம் அவள் பிழைப்பதிவேட்டில் குறித்துவைத்திருந்தாள். ஆனால் கட்டியதைக் கலைக்கவைத்தது கணக்கு அன்று, ஒரு மனிதர்.

கமோர்த்தாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மருத்துவத்துக்காகப் போர்ட் பிளேர் வந்திருந்தபோது மாடியறைக்கு அழைத்துவரப்பட்டார். அவருடைய குரலும் தொகுப்பில் இருந்தது. விசைப்பலகையை அவர்முன் நகர்த்தி, “சார், உங்கள் மொழிச் சொல் ஏதாவது அடித்துப் பாருங்கள்” என்றாள். அவர் ஒரு விரலால் நிதானமாக அடித்தார். விடை இல்லை. இன்னொரு சொல். அதற்கும் இல்லை. மூன்றாவதற்கு ஒன்பது விடைகள் வந்தன. ஒன்பதும் வேறு மொழிகளின் சொற்கள், எழுத்து ஒற்றுமையால் வந்தவை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: “பரவாயில்லை மகளே. எங்கள் மொழி இதற்குள் இல்லை போலிருக்கிறது.”

மொழி உள்ளேதான் இருந்தது. நான்கௌரி நிக்கோபாரிக்கு எஃப். ஏ. டி ரோப்ஸ்டார்ஃப் தொகுத்த அகராதி 1884 இல் கல்கத்தாவில் வெளிவந்தது. அவர் அதை அச்சில் பார்க்கவில்லை. 1883 இல் கமோர்த்தாவில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அதை முடித்துப் பதிப்பித்தார். ஐந்தாண்டு கழித்து, 1889 இல், இ. எச். மான் தம் நிக்கோபாரி அகராதியை வெளியிட்டார். இருவரும் ரோமன் எழுத்தையே பயன்படுத்தினர். ஆனால் உயிரொலிகளைக் குறிக்க ஆளுக்கொரு வழி கொண்டனர். எழுத்தின் தலையில் புள்ளி, கோடு, வளைவு. ஆசிரியரோ கைப்பேசியில் மக்கள் அடிப்பதைப் போலக் குறிகள் எதுவும் இல்லாமல் அடித்தார். ஒரே சொல்லுக்கு மூன்று எழுத்துக்கோலங்கள். மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே அடைவுக்குள் கிடந்தன. குறிகளை நீக்கி மடிக்கும் வடிகட்டி ஒன்றைப் போட்டால் தீரும். ஆனால் பொது அடைவில் அதைப் போட்டால், குறியால் மட்டுமே வேறுபடும் பிற மொழிச் சொற்களும் ஒன்றாகிவிடும். ஒரு மொழிக்கு மருந்தானது இன்னொன்றுக்கு நஞ்சு.

அன்று இரவு அவள் பொது அடைவை நிறுத்தினாள்.

*

லூசீன் என்ற தேடல் நூலகத்தின்மேல் கட்டப்பட்டது சோலர். தொடக்கத்தில் ஒரு சோலருக்கு ஓர் அடைவுதான். இரண்டு வேண்டுமென்றால் மென்பொருளையே இரண்டு முறை நிறுவ வேண்டும், நினைவகமும் இரட்டிப்பாகும். 2008 இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து ஒரே வழங்கிக்குள் பல ‘கோர்’களை வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. ஒவ்வொரு கோருக்கும் தனி அடைவு, தனி அமைவுக் கோப்பு, தனி முகவரி. சொல்லை எங்கே பிரிப்பது, எதை வெட்டுவது, எதை மன்னிப்பது என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்துகொள்ளும். கூட்டுக்குடும்பத்து வீட்டில் அடுப்பைத் தனியாக்குவதைப் போன்ற ஏற்பாடு. கூரை ஒன்று, வாசல் ஒன்று, சமையல் வேறு. ஆனால் தண்ணீர்த்தொட்டி ஒன்றே. வழங்கியின் நினைவகம் என்பது அந்தத் தொட்டி. ஓர் அடுப்பங்கரையில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டால் எல்லா அடுப்பங்கரைகளும் காயும்.

அடுப்பு தனியான பிறகுதான் ஒவ்வொரு மொழியும் தன் முகத்தைக் காட்டத் தொடங்கியது. தமிழுக்கு வாலை வெட்ட வேண்டும். ‘வீட்டிலிருந்துதான்’ என்பதிலிருந்து ஒட்டுகளை ஒவ்வொன்றாகக் கழித்து ‘வீடு’ வரை போக வேண்டும். அதற்கான அடிச்சொல் காணும் நிரல் ஸ்னோபால் தொகுப்பின் 2019 ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழுக்கும் கிடைத்தது. முழுமையானதன்று, இருந்தாலும் உதவியது. ஆனால் கச்சால் தமிழில் வரும் ‘லயம்’, ‘பிரட்டு’, ‘கங்காணி’ ஆகிய தோட்டச் சொற்களை அதற்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. ‘பிரட்டு’ என்றும் ‘பெரட்டு’ என்றும் ஒலிப்பதிவுகளில் மாறிமாறி வந்ததை, இரண்டும் ஒன்றே என்று இணைச்சொல் கோப்பில் அவளே எழுதிச் சேர்த்தாள். அம்மாயி ‘பெரட்டு’ என்றுதான் சொல்லியிருந்தாள்.

அந்தமானி மொழிகளில் நிலைமை தலைகீழ். அங்கே வெட்ட வேண்டியது தலை. பேராசிரியர் அன்விதா அப்பி 2013 இல் வெளியிட்ட இலக்கணம், கிரேட் அந்தமானி மொழியில் உடலை ஏழு பகுதிகளாகக் கொண்ட முன்னொட்டு அமைப்பு ஒன்று இலக்கணம் முழுவதும் ஊடுருவி நிற்பதைக் காட்டுகிறது. வாயும் அதைச் சார்ந்தவையும் ஒரு வகை, உடலின் முக்கியமான வெளியுறுப்புகள் ஒரு வகை, விரல்நுனி போன்ற கடைக்கோடிகள் ஒரு வகை, உள்ளுறுப்புகள் ஒரு வகை, இவ்வாறு ஏழு. உறுப்புப்பெயர் மட்டுமன்று, பண்பும் வினையும்கூட இம்முன்னொட்டுகளை ஏற்கும். தென் அந்தமானின் அக்கா-பேயா மொழியில் ‘பேரிங’ என்றால் நல்லது. கையைக் குறிக்கும் ‘உன்’ முன்னே வந்தால் ‘உன்-பேரிங’, கெட்டிக்காரத்தனம். கண்ணைக் குறிக்கும் ‘இக்’ வந்தால் கூரிய பார்வை. வாயைக் குறிக்கும் ‘அக்கா’ வந்தால் மொழித்திறம். ‘ஓத்’ வந்தால் நற்குணம். அக்கா-பேயா என்ற பெயரிலேயே முன்னால் நிற்பது அந்த வாய்தான்.

முதலெழுத்தை நம்பிய அகரவரிசை இங்கே கைவிட்டுவிடுகிறது. அகராதியில் இந்த நான்கு சொற்களும் நான்கு மூலைகளில் கிடக்கும். அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது பக்கத்தைப் புரட்டுகிறவருக்குத் தெரியாது. மான் 1923 இல் முடித்த தென் அந்தமான் அகராதியிலிருந்து பதிவுகளை எடுத்து, முழுச்சொல்லை ஒரு புலத்திலும், தலை நீக்கிய வேரை இன்னொரு புலத்திலும் இட்டாள். பிறகு ‘பேரிங’ என்று தேடியபோது கை, கண், வாய், நெஞ்சு நான்கின் நன்மைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வந்து நின்றன. அம்மொழி பேசுநர் அற்று மறைந்து நூறாண்டை நெருங்கியிருந்தது. அந்த அடுக்கை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரித்ததனால் வந்த புதிய சிக்கல் ஒன்று உண்டு. வெவ்வேறு அடைவுகள் தரும் மதிப்பெண்களை ஒப்பிட முடியாது. தமிழ் அடைவின் பன்னிரண்டும் நிக்கோபாரி அடைவின் பன்னிரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் தன் தொகுப்புக்குள் மட்டும் பொருள் உடையது. எனவே ஐந்து விடைகளையும் ஒரே பட்டியலாக்கும் எண்ணத்தை அவள் கைவிட்டாள். ஐந்து பத்திகள், பக்கம்பக்கமாக. எந்தப் பத்தி முதலில் என்ற கேள்விக்கு அதிக விடை தரும் மொழி முதலில் என்று நிரல் எழுதுவது எளிது. 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதே கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 44 பேர். எண்ணிக்கையை வரிசையாக்கினால் யார் எப்போதும் கடைசியில் நிற்பார்கள் என்பதற்கு நிரல் தேவையில்லை. பத்திகளின் இடத்தை நிலையாக வைத்தாள். விடை இல்லாத மொழியின் பத்தியும் வெறுமையாகத் தன் இடத்தில் நிற்கும்.

*

ஆசிரியர் மறுமுறை வந்தபோது அவருடைய சொற்கள் கிடைத்தன. குறியோடு அடித்தாலும் குறியின்றி அடித்தாலும் கிடைத்தன. அவர் மகிழ்ந்தார், பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தேடினார். திடீரென்று கையை எடுத்துக்கொண்டார். திரையில் வந்திருந்தது அவருடைய உறவினர் ஒருவரின் ஒலிப்பதிவு. பேசியவர் அவ்வாண்டு இறந்துவிட்டிருந்தார். பெயர் பதிவின் தலைப்பிலேயே இருந்தது.

டி ரோப்ஸ்டார்ஃப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறித்துவைத்த வழக்கம் ஒன்று மானிடவியலில் பலரும் அறிந்தது. இறந்தவரின் பெயரை நிக்கோபார் மக்கள் உச்சரிக்க மாட்டார்கள். அப்பெயர் கோழி, நெருப்பு, பாதை எனப் பொதுச்சொல்லாக இருந்தால் அந்தச் சொல்லையே வழக்கிலிருந்து விலக்கிவிடுவார்கள்; புதுச்சொல் படைப்பார்கள், அல்லது பிற தீவிலிருந்தோ பிறமொழியிலிருந்தோ கடன் பெறுவார்கள். வரலாறு உருவாவதற்கே இது தடை என்று அவருக்குத் தோன்றியது. அகராதிக்காரரின் வருத்தம் அது. இறந்தவரின்மேல் உள்ள மரியாதைக்காக மொழியின் ஒரு சொல்லையே செலவிட்ட மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தெரியலாம்.

“அழித்துவிடட்டுமா, சார்?” என்று கேட்டாள்.

“அழிக்காதே மகளே. எவரோ எதையோ தேடும்போது இது வரக் கூடாது. நாங்கள் கேட்டால் வர வேண்டும்.”

ஒரே அடைவாக இருந்திருந்தால் இந்த இரண்டு வாக்கியங்களை நிறைவேற்றுவது பெரும்பாடு. கோருக்குத் தனி முகவரி இருப்பதால், முன்னால் நிற்கும் வலை வழங்கியில் அந்த முகவரிக்கு மட்டும் பூட்டுப் போடலாம். அப்படிப் பிறந்ததுதான் ஆறாவது அடைவு. வழங்கி எழும்போது அது எழாது. அமைவுக் கோப்பில் அவ்வாறு குறித்துவைத்தாள். குடும்பத்தார் கேட்டால் திறப்பாள். பொதுத் தேடலில் அதன் ஒரு சொல்லும் வராது.

இதற்கிடையில் தீவுகளின் பெயர்களும் மாறிக்கொண்டிருந்தன. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவாயிற்று, நீல் தீவு ஷஹீத் தீவாயிற்று. பின்னர் 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரமாயிற்று. ஒவ்வொரு முறையும் இணைச்சொல் கோப்பில் ஒரு வரி கூடியது. பழைய பெயரைத் தேடினாலும் புதியது கிடைக்கும், புதியதைத் தேடினாலும் பழையது கிடைக்கும். அரசாணையால் மாறும் பெயர் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. சாவினால் மறையும் சொல்லுக்கு அந்தக் கோப்பில் இடமில்லை. அதற்கு ஒரு பூட்டு வேண்டியிருந்தது.

*

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழைக் கம்பிவடம் திறந்துவைக்கப்பட்டது. கார் நிக்கோபார், கமோர்த்தா, பெரிய நிக்கோபார், சிறிய அந்தமான் உள்ளிட்ட தீவுகளும் அதில் இணைந்தன. அதுவரை ஊருக்குள் மட்டும் தேடப்பட்ட வழங்கியை நிலப்பகுதி மாணவர்களும் தேடத் தொடங்கினர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் அடைவுக்கே வந்தார்கள். மலையகத் தமிழை ஆராய்பவர்களுக்குக் கச்சால் ஒலிப்பதிவுகள் புதையலாயின.

வழங்கி விழத் தொடங்கியது. நள்ளிரவில், பெரும்பாலும் தேர்வுக் காலங்களில், நினைவகம் நிரம்பி ஆறு அடைவுகளும் ஒன்றாக இறந்தன. காலையில் அவள் வந்து எழுப்புவாள். கூடுதல் நினைவகம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அனுபவமுள்ளவர்கள் சொன்ன வழி வேறு. சோலரில் கோர்களை நிலையற்றவை என்று குறித்துவிட்டு, ஒரே நேரத்தில் இத்தனைதான் நினைவகத்தில் இருக்கலாம் என்று ஓர் எண்ணைக் கொடுக்கலாம். அந்த எண்ணைத் தாண்டினால், நெடுநேரமாக யாரும் தொடாத கோரை வழங்கி தானே இறக்கிவிடும். திரும்ப யாராவது கேட்டால் ஏற்றிக்கொள்ளும். அந்த முதல் தேடல் மட்டும் தாமதமாகும். அவள் நான்கு என்று எழுதினாள்.

பொது அடைவுகள் ஐந்து, இடம் நான்கு. யார் இறங்குவார் என்பதைப் பதிவேடு ஒவ்வொரு நாளும் ஒரே விதமாகச் சொல்லிற்று. அந்தமானி இறங்கியது. மறுநாளும் அந்தமானி. அதற்கடுத்த நாளும் அதுவே. தேடல் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். மூன்று மாதங்களில் அந்த அடைவைத் தேடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் பாதி அவளே சோதித்துப் பார்த்தவை. அதை நிரந்தரமாக மூடிவிட்டுக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ள வைத்துவிடலாமே என்றார் அறைக்கு வந்த மூத்தவர் ஒருவர். தவறான யோசனையில்லை. யாரும் தேடாத அடைவை எதற்காகத் திறந்து வைத்திருக்க வேண்டும்?

யாரும் ஏன் தேடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். 2010 ஜனவரி 26 அன்று அக்கா-போ மொழியின் கடைசிப் பேசுநரான போவா சீனியர் மறைந்தார். தம் மொழியில் பேசுவதற்கு ஆளில்லாத ஆண்டுகளில் அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்ததை அப்பி பதிவு செய்திருக்கிறார். 2020 ஏப்ரல் 4 அன்று, ஊரடங்கு நாட்களில், சாரே மொழியின் கடைசிப் பேசுநரான லிச்சோ மறைந்தார். கம்பிவடம் வந்தபோது அந்த மொழியில் தேடக்கூடியவர் இல்லை. பயன்பாட்டை அளவுகோலாக்கிய விதி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. பேசுவோர் இல்லாததால் தேடுவோர் இல்லை. தேடுவோர் இல்லாததால் இறக்கு. தீவுகளில் ஒன்றரை நூற்றாண்டாக நடந்ததை எட்டு ஜிபிக்குள் அது ஒவ்வொரு நாளும் மறுபடி நடத்தியது.

இரண்டு அடைவுகள் நினைவகத்துக்கு வெளியே இருந்தன. ஆறாவது, அதற்குரியவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியே இருந்தது. அந்தமானி, கேட்பதற்கு யாரும் இல்லாததால் வெளியே இருந்தது. பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே குறிப்புதான்: ஏற்றப்படவில்லை.

அவளை அந்தக் குறிப்பு உறுத்தியது. ஆனால் உறுத்தல் ஒரு வாதமாகாது. அவள் அளந்து பார்த்தாள். அந்தமானி அடைவு முழுவதும் கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. அதை இறக்கியதால் மிஞ்சிய நினைவகம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. நான்கு என்ற எண் கோர்களின் தலையை எண்ணியது, எடையைப் பார்க்கவில்லை. அது இறங்கிய இரவுகளிலும் வழங்கி விழுந்துகொண்டுதானிருந்தது. எடை எங்கே என்று தேடினாள். தமிழ் அடைவின் இடைமாற்றகங்களில் இருந்தது. தேடியதையே மறுபடி தேடுவோருக்கு உடனே விடை தருவதற்காக, பழைய விடைகளைத் தமிழ் அடைவு மலைமலையாகச் சேர்த்துவைத்திருந்தது. தண்ணீரைத் திறந்து விட்டிருந்தது அவள் வீட்டு அடுப்பங்கரைதான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு திருத்தங்கள் செய்தாள். தமிழ் அடைவின் இடைமாற்றகங்களைப் பெருமளவு சுருக்கினாள். அந்தமானி அடைவின் அமைவுக் கோப்பில், நிலையற்றது என்ற வரியில் ‘ஆம்’ என்பதை ‘அல்ல’ என்று மாற்றி, வழங்கி எழும்போதே ஏற்று என்று எழுதினாள். அதன்பின் வழங்கி நள்ளிரவில் விழவில்லை. தமிழில் தேடுவோர்க்கு மட்டும் விடை சற்றுத் தாமதமாயிற்று. சென்னையிலிருந்து ஒரு மாணவர், முன்பு போல வேகமாக இல்லையே என்று எழுதினார். அவள் காரணத்தை விளக்கிப் பதில் அனுப்பினாள்.

அப்பாவுக்கு விளக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. அம்மாவின் நினைவு நாளில், அம்மாயியின் குரலையும் கேட்போம் என்று அவர் மாடியறைக்கு வந்திருந்தார். ‘பெரட்டு’ என்று அவரே அடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“முன்னெல்லாம் அடித்ததுமே வருமே அம்மா?”

“நாலு நொடி ஆகும் அப்பா. பக்கத்தில் இன்னொருவருக்கும் இடம் விட்டிருக்கிறது.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களின் பிள்ளை. இடம் விடுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். நாலாவது நொடியில் குரல் வந்தது. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடிய கதையை அம்மாயி சொல்லத் தொடங்கினாள்.

சொல்லடைவு மொழியாகாது. ‘பேரிங’ திரையில் வருவதனால் அதைச் சொல்லும் வாய் திரும்பி வந்துவிடப் போவதில்லை. அடைவைத் திறந்து வைப்பது அம்மொழியைக் காப்பாற்றுவது என்று அவள் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. அப்படி எழுதுவோர்மேல் அவளுக்குக் கோபமும் உண்டு. அவள் செய்ததன் எல்லை சிறியது. ஒருவர் என்றாவது வந்து கேட்டால், அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

இப்போதும் மழைக்காலத்தில் மின்சாரம் போகிறது. யுபிஎஸ் கூவுகிறது, அவள் ஓடிச்சென்று நிறுத்துகிறாள். மின்சாரம் திரும்பியதும் வழங்கி எழுகிறது. கருப்புத் திரையில் அடைவுகள் ஒவ்வொன்றாகத் தாம் ஆயத்தம் என்று ஒரு வரி எழுதும். தமிழ் மிகப் பெரியது. அதன் வரி கடைசியில்தான் வரும். வங்காளம், இந்தி, நிக்கோபாரி அதற்கு முன்னே. ஆறாவதன் வரி வராது, வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதலில், விளக்கு எரிந்த ஓரிரு நொடிகளில், மிகச் சிறியது என்பதனாலேயே, அந்தமானி எழுந்துவிடுகிறது.